வன்னியில் தனி ஆளாக ஒரு கராஜ் நடத்துவது எப்படி

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் சொந்தமாகக் கராஜ், அதாவது வாகனம் திருத்தும் பட்டறை, தொடங்குபவர் பெரும்பாலும் வேறொருவரின் கராஜில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நின்று தொழிலைக் கற்றவராகவே இருப்பார். சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லக்கூடிய அந்த மனிதர், தனது கதவைத் திறந்த பிறகு, எந்த வண்டிக்கு எவ்வளவு செலவழிந்தது, யார் எவ்வளவு தர வேண்டும், சட்டைப் பையில் இருக்கும் காசில் எது தன்னுடையது, எது உதிரிப்பாகக் கடைக்காரருடையது என்று தெரியாமல் திணறுவதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். தொடக்கத்தில் நானும் அப்படியே திணறினேன். ஆகவே இங்கே நான் எழுதுவது பெரும்பாலும் எழுத்து வேலையைப் பற்றியும், பணத்தைப் பற்றியும், அவற்றைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளைப் பற்றியுமே ஆகும்.

முதலில் இடம். கண்டி - யாழ்ப்பாண நெடுஞ்சாலையான ஏ9 வீதியோரம் கிடைத்தால்தான் தொழில் நடக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். வீதியோரக் கடைக்கு வாடகை அதிகம். அவ்வழியே போகும் வாகனங்களில் பெரும்பாலானவை உங்களிடம் நிற்கப் போவதும் இல்லை. தனி ஆளின் கராஜுக்குச் சோறு போடுபவர்கள் அதே ஊரில் வாழ்ந்து, அதே வண்டியை ஆண்டுக்கு நான்கைந்து முறை கொண்டு வருபவர்கள். விசுவமடு, மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற இடங்களில் சந்தையிலிருந்தோ நெல் ஆலையிலிருந்தோ நடந்து வரும் தூரத்தில், லாண்ட்மாஸ்டர் என்னும் இரு சில்லு உழவு இயந்திரம் பெட்டியோடு திரும்பக்கூடிய அகலமான வாசலுடன் ஓர் இடம் கிடைத்தால் போதும். நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும்போது அது உரிமைப் பத்திரமுள்ள உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேமிட் காணியா என்று கேளுங்கள். பேமிட் காணியைப் பிரதேச செயலகத்தின் அனுமதியின்றிக் குத்தகைக்குக் கொடுக்க முடியாது. நீங்கள் சீமெந்துத் தரை போட்டுக் கூரை அமைத்த பிறகு இந்தக் கேள்வி எழுந்தால், இழப்பு முழுவதும் உங்களுடையதாகவே இருக்கும்.

கராஜின் தரையை, சுற்றியுள்ள நிலத்தை விட ஓர் அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். 2018 டிசம்பர் மாத இறுதியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஏற்பட்ட வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொம்பிரசரும் வெல்டிங் பிளாண்டும் அதற்கும் மேலே ஒரு மேடையில் இருக்கட்டும். வணிகப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்திலும், வியாபார அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச சபையிலும் பெற வேண்டும். சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைப் பற்றியும் அங்கேயே கேட்டு, ஒரே கோப்பில் இட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வங்கிக் கடனுக்குப் போகும்போது அந்தக் கோப்பைத்தான் முதலில் கேட்பார்கள்.

எல்லா வேலையையும் ஏற்கக் கூடாது என்பதை நான் தாமதமாகவே கற்றேன். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, லாண்ட்மாஸ்டர், நாலு சில்லு உழவு இயந்திரம், பட்டா எனப்படும் சிறு லொறி, ஹயஸ் வான் ஆகிய அனைத்தும் ஒரே வாசலுக்கு வரும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் நமது வீதிகளில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை வயதான வண்டிகள். வேலைக்குக் குறைவில்லை. ஆயினும் உங்களிடம் கருவியும் பழக்கமும் உள்ள இரண்டு மூன்று வகைகளை எடுத்துக்கொண்டு, ஏ.சி., ஹைபிரிட் பற்றரி, டீசல் பம்பின் அளவைச் சரிசெய்யும் கலிபரேசன் போன்றவற்றை அதற்கென இருப்பவரிடம் அனுப்புவதே நல்லது. அனுப்பிய வாடிக்கையாளர் திரும்பி வருவார். கெடுத்து அனுப்பிய வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

இனி மிக முக்கியமான விடயம். வண்டி வாசலுக்குள் வந்ததும் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் வேலைச் சீட்டு எழுதப்பட வேண்டும். நகர்க் கடைகளில் கிடைக்கும் காபன் தாள் வைத்த பில் புத்தகமே இதற்குப் போதும். இலக்கத் தகடு, ஓடிய கிலோமீற்றர், உரிமையாளரின் தொலைபேசி இலக்கம், அவர் சொன்ன குறை அவருடைய சொற்களிலேயே, வண்டியில் ஏற்கெனவே உள்ள கீறல்களும் உடைவுகளும், உள்ளே விட்டுச்செல்லும் பொருட்கள், எரிபொருள் அளவு, அவர் ஒப்புக்கொண்ட செலவின் உச்ச வரம்பு ஆகியவற்றை எழுதி, அவருடைய கையொப்பத்தை வாங்கி, ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள்.

இதை நான் கற்றது ஓர் ஓட்டோவினால். நன்றாகத் தெரிந்த ஒருவர் கிளச் பிளேட் மாற்றுவதற்காக வண்டியை விட்டுச் சென்றார். தெரிந்தவர் என்பதால் நான் எதையும் எழுதவில்லை. மறுநாள் மாலை வண்டியை எடுக்க வந்தவர், பின்னால் இருந்த உபரிச் சில்லு எங்கே என்று கேட்டார். அந்த வண்டியில் சில்லு இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது; அவருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். வாசலில் நான்கு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, நான் ஒரு ரயரும் ரிம்மும் வாங்கிக் கொடுத்தேன். கிளச் வேலையின் கூலி அதில் பாதிக்குக்கூடப் போதவில்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் ஒருபோதும் கருதவில்லை. எழுதாமல் விட்டது நான். அன்று முதல், தெரிந்தவருக்கே முதலில் சீட்டு எழுதுகிறேன்.

குறையை அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. அறுவடைக் காலத்தில் ஒரு விவசாயி தமது உழவு இயந்திரத்தைக் கொண்டு வந்து, "தம்பி, சூடேறுது, ஹெட் காஸ்கட் போட்டுது, கழட்டு" என்பார். சீட்டில் "சூடேறுகிறது" என்று மட்டும் எழுதுங்கள். ஹெட் காஸ்கட், அதாவது எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு, கெட்டுவிட்டது என்பது அவருடைய ஊகம். எஞ்சின் ஆறும்வரை ரேடியேற்றர் மூடியைத் தொடாமல், முன்கிறிலைக் கழற்றி, ரேடியேற்றரின் முகத்தை ரோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். வைக்கோல் துகளும் நெற்சுணையும் செம்மண் தூசும் ஒயில் கசிவோடு சேர்ந்து, மெல்லிய தகடுகளுக்கு இடையே பாய் பின்னியதுபோல் படிந்திருப்பதை அக்காலத்தில் அடிக்கடி காணலாம். விசிறி காற்றை முன்னிருந்து பின்னுக்கு இழுப்பதால், குப்பை முன்பக்கத்திலேயே ஒட்டும். ஆகவே கொம்பிரசர் காற்றை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, தகடுகள் வளையாதபடி தூரத்தில் பிடித்து ஊத வேண்டும். பிறகு விசிறிப் பட்டி, தண்ணீர் அளவு, சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்து, எஞ்சின் ஓடும்போது ரேடியேற்றரில் குமிழி தொடர்ந்து எழும்பினாலோ, ஒயில் பால்போல் வெளுத்திருந்தாலோதான் ஹெட்டில் கை வைக்கும் நேரம் வந்தது என்று பொருள்.

அரை மணி நேரத்தில் அந்த இயந்திரம் வயலுக்குத் திரும்பிவிடும். அப்போது "காத்துத்தானே அடிச்சனீர்" என்று சொல்லி நூறு ரூபாயை நீட்டுவார்கள். இதற்கு இடம் கொடுக்காதீர்கள். குறையைக் கண்டுபிடிப்பதற்கென ஒரு நிலையான கட்டணத்தை வாசலில் எழுதி வைத்து, சீட்டிலும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். தேவையற்ற காஸ்கட் வேலையிலிருந்தும், அறுவடையில் இரண்டு நாள் இழப்பதிலிருந்தும் அவரைக் காப்பாற்றியது உங்கள் அறிவு; அதற்குக் கூலி கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

மணித்தியாலக் கூலியை அடுத்த கராஜைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் சொந்தச் செலவிலிருந்து கணக்கிடுங்கள். உதாரணத்துக்கு, உங்கள் வீட்டுச் செலவுக்கு மாதம் 80,000 ரூபா, வாடகை 20,000, மின்சாரம் 10,000, கருவிகளைப் புதுப்பிக்க 10,000, தொலைபேசிக்கும் போக்குவரத்துக்கும் 10,000, உதவியாளருக்கு 50,000, அவருக்காகச் சட்டப்படி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் உங்கள் பங்காக 7,500 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 187,500 ரூபா வரும். மாதத்தில் 25 நாட்கள் நாளுக்கு எட்டு மணி நேரம் திறந்திருந்தாலும், பாகம் தேடி அலைவது, பேசுவது, துப்புரவு செய்வது போக, பணம் வரும் வேலை 120 மணித்தியாலத்தைத் தாண்டுவது அரிது. அப்படியானால் மணிக்கு ஏறத்தாழ 1,560 ரூபா வாங்கினால்தான் நட்டமில்லாமல் நிற்கலாம். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் இந்தக் கழித்தலையும் வகுத்தலையும் ஒருமுறை தாளில் செய்யாதவர், உழைத்துக்கொண்டே கடனாளி ஆகிறார். வீட்டுச் செலவை மாதத்தில் ஒரே நாளில் சம்பளமாக எடுத்துக்கொண்டு, மீதியைக் கராஜின் பெயரிலுள்ள கணக்கிலேயே விட்டுவிடுவது நல்லது.

கடன் கொடுக்காமல் வன்னியில் கராஜ் நடத்த இயலாது. நமது வாடிக்கையாளரின் வருமானம் நெல்லோடு வருகிறது. பெரும்போகமான காலபோகத்துக்கு ஒக்டோபர், நவம்பரில் விதைத்து, ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை வெட்டும்போதுதான் காசு புழங்கும். கோடைப் பயிரான சிறுபோகம் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் நீர் கிடைக்கும் பகுதிகளில் மட்டுமே உண்டு. உழவுக்கு முன் செப்டெம்பரில் வண்டிகள் வரிசையில் நிற்கும். அந்நேரம்தான் விவசாயியின் கையில் ஒன்றும் இராது. நான் கடைப்பிடிக்கும் விதி இது: உதிரிப்பாகங்களின் விலை முழுவதையும் முன்பணமாக வாங்குவேன், கூலியை மட்டும் அறுவடை வரை கடனாக விடுவேன். பாகத்தின் காசு என்னுடையதன்று, அதைக் கடைக்காரருக்கு நான் கொடுத்தாக வேண்டும் என்று அமைதியாகச் சொன்னால், பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள். கூலிக் கடனும் ஒருவருக்கு இவ்வளவுதான் என்ற வரம்போடு, திருப்பித் தரும் மாதம் எழுதப்பட்டு, தனிக் கடன் கொப்பியில் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். பழைய கடன் நிற்கும்போது புதிய கடன் இல்லை. நெல் விற்ற வாரத்தில் நீங்களே வீட்டுக்குப் போய், கொப்பியைக் காட்டி, மரியாதையாகக் கேளுங்கள். காசு செலவான பின் மே மாதத்தில் கேட்டால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

இதோடு சேர்த்துச் செய்யக்கூடிய இன்னொன்று, ஓகஸ்ட் மாதத்திலேயே பழைய சீட்டுகளைப் புரட்டி, உழவு இயந்திரம் வைத்திருப்பவர்களை அழைத்து, செப்டெம்பர் நெரிசலுக்கு முன் சேர்விஸுக்கு வரச் சொல்வது. எயார் கிளீனரில் ஒயில் மாற்றுவது, பற்றரி பார்ப்பது போன்ற சிறு வேலைகள் அப்போது முடிந்துவிடும். எஞ்சினை நிறுத்தி ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டும் என்பதையும், 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் குறைந்துவிட்டது என்பதையும் மீற்றரை வைத்து அவருக்கே காட்டுங்கள்.

உதிரிப்பாகம் வாங்குவதில் மலிவைத் தேடி நான் ஒரு முறை நன்றாக அடிபட்டேன். லாண்ட்மாஸ்டர் ஒன்றுக்குப் பிரபலமான பெயர் அச்சிட்ட பெட்டியில் வந்த பெயாரிங் மூன்றாம் நாள் சேற்று வயலின் நடுவில் உடைந்தது. அதை மீண்டும் கழற்றிப் பூட்டிய ஒரு நாள் உழைப்புக்கு நான் கூலி வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. அதன் பிறகு, பழுதானால் மாற்றித் தரும் கடைகளிலேயே வாங்குகிறேன். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் எடுப்பிக்கும் பாகத்துக்கும் பில்லைக் கேட்டு வாங்குகிறேன். கழற்றிய பழைய பாகத்தைப் புதியதன் பெட்டியிலேயே இட்டு வாடிக்கையாளரிடம் கொடுங்கள். அவரே வாங்கி வரும் பாகத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பதைச் சீட்டில் எழுதுங்கள். மதிப்பீட்டில் திகதியையும், அந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் குறிக்க மறக்காதீர்கள். பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் காலையில் சொன்ன விலை மாலையில் மாறியிருந்த நாட்களை நாம் கடந்து வந்திருக்கிறோம்.

பாதுகாப்பைப் பற்றி மூன்று விடயங்கள் சொல்ல வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டியின் அடியிலும் போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பின்னரே படுங்கள். வயலிலோ வீதியோர மணலிலோ வேலை செய்யும்போது ஜாக்கியின் அடியில் தடித்த பாலை மரப் பலகை இருக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும், ஆகவே பிளக்கையோ இஞ்செக்டரையோ கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஒயிலை மாற்றிய பிறகே சாவியைத் தொட வேண்டும். மூன்றாவது, கழிவு ஒயில். கறையானுக்காக வேலித் தூண்களில் பூச அதைக் கேட்டு வருபவர்கள் உண்டு. நான் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். மழையில் கழுவப்பட்டு மண்ணுக்குள் இறங்கினால் அது போய்ச் சேரும் இடம் கிணறு, அந்தக் கிணற்று நீரைத்தான் ஊரே குடிக்கிறது. மூடியுள்ள பீப்பாயில் சேர்த்து, கழிவு ஒயில் சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

உதவியாளர் ஒருவரை வைத்தாலும் அவர் சட்டத்தின் முன் ஊழியரே. சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்தில் 8 வீதமும் உங்கள் பங்காக 12 வீதமும், நம்பிக்கை நிதியத்துக்கு உங்கள் பங்காக 3 வீதமும் செலுத்த வேண்டும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை, உறவினரின் பிள்ளை ஆயினும், வேலைக்கு எடுக்கக் கூடாது. வருபவர் ஓரளவு பழகிய பின், என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு வழி காட்டுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது, வேலை செய்தே தொழில் கற்றவர்களுக்குச் செய்முறைப் பரீட்சை மூலம் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் உண்டு. முதல் வாரத்தில் அவருக்கு ஒயில் மாற்றப் பழக்குவதற்கு முன், வேலைச் சீட்டு எழுதப் பழக்குங்கள். அடுத்த வண்டி வாசலில் வந்து நிற்கும்போது, நீங்கள் பெரும்பாலும் இன்னொரு வண்டியின் அடியில் கிடப்பீர்கள்.