வெள்ளக் காலத்துக் குடிநீர்: வீட்டில் செய்யக்கூடாத தவறுகள்

சென்னையிலும் புறநகரிலும் வெள்ளம் வந்தால் வீட்டில் முதலில் கெடுவது சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. தெருத் தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன்பே, சாக்கடை கலந்த நீர் சம்ப் மூடியின் இடுக்கு வழியாகவும் குழாய் நுழையும் ஓட்டை வழியாகவும் உள்ளே இறங்கிவிடும். இது தெரியாமல், ‘கரண்ட் போவதற்குள் டேங்கை நிரப்பிவிடலாம்’ என்று கடைசி நேரத்தில் மோட்டார் போடுகிறோம். மாடி டேங்கில் அதுவரை நன்றாக இருந்த ஆயிரம் லிட்டரும் பத்தே நிமிடத்தில் பாழாகிவிடும். மற்ற எல்லாத் தவறுகளையும் சரிக்கட்டலாம். இந்த ஒன்றைச் செய்துவிட்டால் கைவசம் சுத்தமான தண்ணீரே இருக்காது.

புயல் எச்சரிக்கை வந்த அன்றே டேங்கை நிரப்பி, மோட்டாருக்கான எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிவிடுங்கள். தெருவில் தண்ணீர் தேங்கத் தொடங்கிய பிறகு மோட்டார் பக்கம் போகவே வேண்டாம். மின்சாரம் பாயும் ஆபத்தும் இருக்கிறது. சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்தால், ஐப்பசி மழைக்கு முன்பே சுற்றிலும் செங்கல் வைத்து ஒன்றரை அடி உயர்த்திப் பூசி வையுங்கள். ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலைதான்.

அடுத்தது, தண்ணீர்க் கேன்காரரையும் ஆர்ஓ இயந்திரத்தையும் நம்பி இருப்பது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல நாள் தண்ணீர் வடியவில்லை. அந்த நேரத்தில் கேன் வண்டி தெருவுக்குள் வர முடியாது. பாதுகாப்புக்காக மின்சாரத்தையும் நிறுத்திவிடுவார்கள். ஆர்ஓவும், புறஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யுவி இயந்திரமும் மின்சாரம் இல்லாமல் இயங்காது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். தாழ்வான பகுதி என்றால் ஐந்து நாளைக்கு 80 லிட்டர், அதாவது நான்கு கேன். கைக்குழந்தையோ காய்ச்சல்காரரோ இருந்தால் இன்னும் ஒரு கேன் கூடுதலாக வாங்குங்கள். கழிவறைக்கும் பாத்திரம் கழுவவும் இதைத் தொடாமல், டிரம்மில் தனியாகப் பிடித்து வையுங்கள்.

பிடித்து வைத்த நல்ல தண்ணீரைக் கெடுப்பது பெரும்பாலும் நம் கைதான். அகன்ற வாய் அண்டாவில் டம்ளரை விட்டு மொள்ளும்போது விரல் நுனி தண்ணீரில் படுகிறது. வயிற்றுப்போக்கு வீடு முழுக்கப் பரவ அது போதும். குழாய் வைத்த டிரம்மோ குறுகிய வாய்க் குடமோ நல்லது. அண்டாதான் இருக்கிறது என்றால் நீண்ட காம்புள்ள கரண்டி ஒன்றை அதற்கென்றே வைத்து, எடுத்ததும் மேலே மாட்டுங்கள். பெயின்ட் வாளி, ஆசிட் கேன், பூச்சிமருந்து டிரம் ஆகியவற்றை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு ஆகாது. பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொண்ட ரசாயனம் மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

காய்ச்சுவதில் இரண்டு தவறுகள். ‘சுட்டால் போதும்’ என்று ஆவி வந்ததும் இறக்குவது ஒன்று. இருக்கிற ஒரே சிலிண்டரில் கால் மணி நேரம் கொதிக்கவிடுவது மற்றொன்று. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற 2000 மீட்டருக்கு மேலான ஊர்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அங்கே மூன்று நிமிடம் வேண்டும். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். வேறு குடத்துக்கு மாற்றினால் அந்தக் குடத்தின் அழுக்கும் சேர்ந்துவிடும். கேண்டில் ஃபில்டரில் வடிகட்டியதையும் காய்ச்சியே குடியுங்கள்; அந்தக் கேண்டில் வைரஸைத் தடுக்காது.

கலங்கிய தண்ணீரில் நேராகக் குளோரின் போட்டால் மண்ணும் அழுக்குமே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. முதலில் தெளியவிட வேண்டும். படிகாரத்தைச் சில சுற்று சுற்றினாலும் சரி, தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்து ஊற்றினாலும் சரி, சில மணி நேரத்தில் வண்டல் அடியில் படியும். மேல் தண்ணீரை நான்காக மடித்த பழைய பருத்திப் புடவையில் வடிகட்டுங்கள். துவைத்துத் துவைத்துப் பழகிய துணியில் நூல் பிரிந்து இடைவெளி சிறுத்திருக்கும், அதனால் புதுத்துணியைவிட நன்றாக வடிகட்டும். ஆனால் தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. படிகாரமோ கொட்டையோ துணியோ கிருமியை முழுதாக ஒழிப்பதில்லை. தெளிந்த பிறகுதான் காய்ச்சுவதோ குளோரின் போடுவதோ.

பிளீச்சிங் பவுடரைக் கைப்பிடியாக அள்ளி டேங்கில் கொட்டுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் போதும். ஏறத்தாழ ஒரு டீஸ்பூன், தலை தட்டி. 33 சதவீதம் குளோரின் உள்ள நல்ல பவுடருக்கு உரிய கணக்கு இது. பிரித்து வைத்துக் கட்டிதட்டிப்போன பழைய பாக்கெட்டில் பாதி பலம்கூட இருக்காது. பவுடரை முதலில் ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை மட்டும் டேங்கில் ஊற்றிக் கலக்குங்கள். பினாயிலோ ஆசிடோ இருந்த வாளியில் கரைக்கவே கூடாது; ஆசிட் பட்டால் விஷவாயு கிளம்பும்.

குடத்துக்குக் குளோரின் மாத்திரைதான் எளிது. ஆனால் எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. ஒரு வகையில் அரை கிராம் மாத்திரை 20 லிட்டருக்கு, மற்றொரு வகையில் 67 மில்லிகிராமே 20 லிட்டருக்கு. அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள். நிவாரணப் பையில் வருவதால் காய்ச்சல் மாத்திரை என்று யாரும் விழுங்கிவிடாமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். போட்டபின் அரை மணி நேரம் பொறுங்கள். மூடியைத் திறந்தால் குளோரின் வாசனை லேசாக வர வேண்டும். வரவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை போட்டு மறுபடி அரை மணி நேரம் விடுங்கள். அப்போதும் வரவில்லையா, அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். வாசனை பிடிக்காதவர்கள், குடிக்கும் நேரத்தில் இரண்டு சுத்தமான டம்ளர்களில் டீ ஆற்றுவதுபோல ஆற்றிக் குடிக்கலாம்.

எண்ணெயோ டீசலோ கலந்த தண்ணீரைக் காய்ச்சியும் குளோரின் போட்டும் மீட்க முடியாது. 2023 வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கழிவு கலந்த நீர் வீடுகளுக்குள் புகுந்தது நினைவிருக்கும். மேலே வானவில் நிறத்தில் படலம் தெரிந்தாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ அதைக் குடிக்கவும் சமைக்கவும் தொடாதீர்கள்.

வெள்ளம் வடிந்ததும் சம்ப்பில் பவுடர் தூவி அப்படியே புழங்குவது இன்னொரு தவறு. முழுக்க இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பவுடர் கரைத்து ஊற்றி, 24 மணி நேரம் விட்டு, அந்தத் தண்ணீரை வெளியேற்றுங்கள். இது கழுவுவதற்கான அளவு, குடிப்பதற்கானது அல்ல. மூடிக் கிடந்த சம்ப்புக்குள் உடனே யாரையும் இறக்காதீர்கள். சேறு அழுகியிருந்தால் உள்ளே மூச்சுவிடக் காற்றே இருக்காது; ஒருவரைக் காப்பாற்ற இறங்கியவரும் அதே இடத்தில் விழுந்துவிடுவார். மேலே நின்றபடி கழுவ முடிந்த அளவுக்குக் கழுவுங்கள், மீதிக்கு உரிய ஆளைக் கூப்பிடுங்கள். டீசல் பம்ப்பை எக்காரணம் கொண்டும் உள்ளே இறக்க வேண்டாம்.

மழை விட்ட பிறகும் டிரம்மும் குடமும் நிரம்பியே நிற்கும். டெங்கு கொசு முட்டையிடுவது இந்தத் தெளிந்த தண்ணீரில்தான். முட்டை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் கருந்துகள்போல ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வெறுமனே தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பப் பிடித்தால் அதே முட்டை பொரிக்கும், பத்து நாளுக்குள் கொசு பறக்கும். எனவே வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து, தேங்காய் நாரால் உட்சுவரை மேலிருந்து கீழாக அழுத்தித் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகே மறுபடி தண்ணீர் பிடியுங்கள்.