குமரி மாவட்டத்துக் கிராமத்தில் குடியேற வருகிறீர்களா? முதலில் இரண்டு மழையைப் பாருங்கள்

பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, இனி குமரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கலாம் என்று குடும்பத்தோடு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வந்த வேகத்தில் நிலம் வாங்காதீர்கள். மே மாதக் கடைசியில் வந்து, டிசம்பர் முடியும்வரை வாடகை வீட்டில் இருங்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதால் பிள்ளைகளுக்கும் அது வசதி. விடுமுறைக்கு வந்துபோகும் ஜனவரியில் எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். ஒரு இடத்தின் குணம் மழையில்தான் தெரியும்.

இங்கே மழை இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் வந்ததும் இதனால்தான். மார்ச்சிலிருந்து மே வரை வெயில். 40 டிகிரி இங்கே வழக்கமில்லை, ஆனால் புழுக்கம் ஆளை வாட்டும். மாவட்டம் சின்னதுதான், ஆனாலும் ஒரு மணி நேர பஸ் பயணத்தில் வானிலையே மாறிவிடும். மேற்கே குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கம் ரப்பர் தோட்டமும் ஓயாத மழையும். கிழக்கே தோவாளையைத் தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தாலே அந்தக் காற்றின் பலம் புரியும். மூச்சிழுப்பு உள்ளவர்களோ ஈரம் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களோ வீட்டில் இருந்தால், ரப்பர் நிழலுக்குள் வீடு பார்க்கும் முன் ஒரு ஆடி மாதத்தை அங்கே கழித்துப் பாருங்கள். துணி காயாது, அலமாரியில் பூஞ்சை பிடிக்கும், மரம் விழுந்து கரண்ட் போகும். இன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும்.

நிலம் பார்க்கும்போது தரகரிடம் மட்டும் பேசாதீர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், '2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது?' என்று கேளுங்கள். கையைக் காட்டி அளவு சொல்வார். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் எந்தப் பக்கத்து மரங்கள் விழுந்தன என்பதையும் கேட்டு வையுங்கள். கடலோரம் என்றால் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

மேற்குப் பக்கத்துக் கிராமங்களில் வீடுகள் தெருவாக இருக்காது. விளை என்று சொல்லும் தோட்டங்களுக்குள் தென்னை, பலா, வாழைக்கு நடுவே ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கும். ஃபிளாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதலில் தனிமையாகத் தோன்றலாம். ஆனால் கோவில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் அழைப்பு வரும்போது மறுக்காமல் போனால், பழக்கம் தானாக வந்துவிடும்.

வெளியே போய் விளையாட, நடக்க, நீந்த என்று எடுத்துக்கொண்டால், இந்த ஊர் வாழ்க்கையே தண்ணீரைச் சுற்றித்தான். குளம், சானல் (பாசனக் கால்வாய்), ஆறு, கடல் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதனால் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நீச்சல் குளத்தில் நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு ஓடும் தண்ணீர் வேறு பாடம். சானலில் தண்ணீர் விடும் நாட்களில் மதகுப் பக்கம் இறங்கவே கூடாது.

இங்கே பெரியவர்கள் செய்தித்தாளில் அணை நீர்மட்டத்தைத் தவறாமல் பார்ப்பார்கள். பேச்சிப்பாறைக்கு முழு அளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. நீங்களும் பார்க்கப் பழகுங்கள். பேச்சிப்பாறையில் உபரி நீர் திறந்தால் கோதையாறு பெருகும், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். அந்த நாளில் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய் ஏமாற வேண்டாம். அதற்குப் பதில் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போகலாம். 1966-இல் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் பாசனத் தண்ணீர் போகிறது. மழை நாளில் அதன்மேல் நடந்து கீழே பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை.

கடல் விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முட்டம், சொத்தவிளை, தேங்காப்பட்டணம் எல்லாம் மாலையில் உட்கார்ந்திருக்க அருமையான இடங்கள். ஆனால் மேற்குக் கடற்கரை அலை ஆளை உள்ளே இழுக்கும். காற்றும் மழையும் இல்லாத நாளிலும், எங்கோ தூரக் கடலில் கிளம்பிய அலை வந்து கரையில் ஏறும். கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் காலை நனைக்கக்கூட இறங்காதீர்கள். மற்ற நாட்களிலும் அந்தக் கரை மீனவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

மலையேற விருப்பம் இருந்தால் மருந்துவாழ் மலையிலிருந்து தொடங்குங்கள். விடிகாலையில் ஏறினால், மேலேயிருந்து கடலும் வயலும் குளங்களும் ஒரே பார்வையில் தெரியும். மார்த்தாண்டம் பக்கம் என்றால் சிதறால், அங்கே பாறையில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. நவம்பருக்குப் பிறகு ஒரு பைனாகுலரை எடுத்துக்கொண்டு தேரூர் குளத்துக்குப் போங்கள். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் இரண்டும் 2022-இல் ராம்சர் ஈரநிலங்கள், அதாவது உலக அளவில் முக்கியமானவை என்று அங்கீகரிக்கப்பட்ட ஈரநிலங்கள் ஆயின. வலசை வரும் பறவைகளைப் பார்க்க அதுவே நல்ல காலம். சைக்கிள் ஓட்டுவதானால் சானல்கரைப் பாதையே போதும். மெயின் ரோட்டில் டாரஸ் லாரிகள் போகும் வேகத்துக்கு, பிள்ளைகளைத் தனியே அனுப்ப எனக்கு மனசு வராது.

ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பால் வடிக்க மரத்தில் கட்டும் சிரட்டைகளில் மழைத்தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும், டெங்குக் கொசு அதில்தான் பெருகும். மழைக்காலத்தில் காலில் புண்ணோடு வயலில் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் வரும். பாம்பு கடித்தால் கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அப்புறம் சாப்பாடு. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளை மீன் (மத்தி) கறியும் பழகிவிட்டால் வேறு எதுவும் தேடாது. மட்டி வாழைப்பழம் சின்னக் குழந்தைகளுக்கு நல்லது. ஜூன், ஜூலையில் மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதமும் சாயங்காலம் வள்ளம் (சின்னப் படகு) கரைக்கு வரும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நேரே கரைக்கே போய் வாங்குங்கள்.