தேங்காய் உருண்டையும் திரிந்துபோன சாக்லேட் பூச்சும்

ஓவன் இல்லாமல் செய்யும் தேங்காய் உருண்டை, மேலே சாக்லேட் பூச்சு. சர்க்கரைக்குப் பதில் தேன் போடலாம் என்று இறங்கியதில் நான்கு நாள் போயிற்று.

உருக்கிய தேங்காய் எண்ணெயில் கோகோ பவுடரும் தேனும் சேர்த்துக் கலக்கினால் முதலில் பளபளவென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் களிமண்போல இறுகி, ஓரத்தில் எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும். சூடு போதவில்லையோ என்று மறுபடி சூடாக்கினேன், இன்னும் மோசம். எண்ணெயைக் கூட்டினேன், கட்டி அப்படியே எண்ணெயில் கிடந்தது. கோகோ பழசோ என்று புதுப் பாக்கெட்டும் வாங்கியாயிற்று.

விஷயம் தேனில் இருக்கும் நீர்! பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் அதில் ஏறக்குறைய 17 சதவீதம் தண்ணீர்தான். எண்ணெயில் பரவியிருக்கும் கோகோத் தூள் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.

அதனால் இனிப்பைப் பூச்சிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன். கொட்டை நீக்கிய 10 பேரீச்சம்பழம், 1 கப் உலர் தேங்காய்த்துருவல், ஒரு சிட்டிகை உப்பு. அரைத்து உருட்டி ஃப்ரிட்ஜில் 20 நிமிடம். பூச்சுக்கு 4 மேசைக்கரண்டி எண்ணெய், அதே அளவு கோகோ, அவ்வளவுதான். பூச்சு கசக்கும், ஆனால் கடித்தால் சரியாகிவிடும்.

அப்புறமும் ஒருமுறை சிறு கட்டிகள் வந்தன. கழுவிய கரண்டியைத் துடைக்காமல் விட்டிருந்தேன்.

சாப்பிடும்வரை ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகும், வெளியே வைத்தால் பூச்சு விரலோடு வந்துவிடும்.