சி டிரைவில் இரட்டைப் பிள்ளைகள்

மே மாத வேலூர் வெயிலில் என்னைவிட லேப்டாப்புக்குத்தான் மூச்சு வாங்கியது. சி டிரைவில் சிவப்புக் கோடு. மிச்சம் 900 எம்பி. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் "ஹார்டு டிஸ்க்கையே மாத்திடுங்க சார்" என்றார்கள்.

மனசு வரவில்லை. எந்தக் கோப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் வின்டிர்ஸ்டாட் (WinDirStat) என்ற இலவச மென்பொருளை இறக்கினேன். (முதலில் ஏதோ ஒரு பச்சை டவுன்லோடு பட்டனை அமுக்கி, கேட்காத டூல்பார் வந்து ஒட்டிக்கொண்டது தனிக்கதை. அதன் சொந்தத் தளத்திலேயே எடுங்கள்.) ஸ்கேன் முடிந்ததும் ஒவ்வொரு கோப்பும் அதனதன் அளவுக்கு வண்ணக் கட்டமாக விரிந்தது. பாய் விரித்த மாதிரி இரண்டு கட்டங்கள், ஒரே அளவில். கிளிக் பண்ணினால் குடியாத்தத்தில் நடந்த அக்கா கல்யாண வீடியோ! டெஸ்க்டாப்பில் 19 ஜிபி, டவுன்லோட்ஸில் இன்னொரு 19.

ஒன்றை அழித்தேன். அப்போதும் கோடு சிவப்புதான். அழித்த கோப்பு போய்க் கிடந்த ரீசைக்கிள் பின்னைக் காலி செய்த பிறகே நீலமானது. லேப்டாப் ஓடத் தேவையான கோப்புகள் இருக்கும் விண்டோஸ் ஃபோல்டர் பக்கம் மட்டும் கை வைக்கவில்லை.