பெல்ட் மெஷினில் கத்தி தீட்டும்போது சூட்டைக் கவனியுங்கள்

மணல்தாள் பட்டை சுழன்றோடும் பெல்ட் மெஷினில் நான் முதன்முதலாகத் தீட்டியது வீட்டுக் காய்கறிக் கத்தியை. சாதாரண இரும்புக் கத்திதான். அவசரமாக அழுத்தியதில் நுனி நீலமாகிவிட்டது. கூர் என்னவோ வந்தது. இரண்டு நாள் நறுக்கியதும் நுனிப்பக்கம் மட்டும் மழுங்கிவிட்டது. இப்படிப்பட்ட கத்தியை 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில்தான் பதப்படுத்துவார்கள். நீலம் தெரிவதோ 300 டிகிரி வாக்கில். நிறம் கண்ணில் படும்போது பதம், அதாவது கத்தியின் கடினம், ஏற்கெனவே போயிருக்கும்.

சரி, முதலில் பெல்ட். 1 அங்குல அகலம், 30 அங்குல நீளம் கொண்ட சின்ன மெஷினுக்கு பி240, பி400, ஒரு தோல் பெல்ட் போதும். வாய் (வெட்டும் ஓரம்) உடைந்த கத்திக்கு மட்டும் பி120. எண் கூடக் கூட மணல் நைஸாகும். மணல் வகையில் அலுமினியம் ஆக்சைடே வாங்குங்கள். சிர்கோனியாவும் செராமிக்கும் நன்றாக அழுத்தினால்தான் மணல் மணி உடைந்து புதுக் கூர் காட்டும். கத்தி தீட்டும் மெல்லிய தொடுகைக்கு அவை ஒத்துவராது.

பெல்ட்டின் உட்புறம் அம்புக்குறி இருந்தால், அது ஓடும் திசையைப் பார்க்கட்டும். இல்லையென்றால் ஒட்டு பிரியலாம். கண்ணாடி, முகமூடி கட்டாயம். கையுறையும் தோளில் துண்டும் கூடவே கூடாது. மெஷினில் மரத்தூள் கிடந்தால் துடைத்துவிடுங்கள், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

இனி பி240 பெல்ட்டில் தீட்டலாம். கத்தியின் வாயில் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். பெல்ட் கீழ்நோக்கி ஓடினால் வாயும் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். எதிராகப் பிடித்தால் பெல்ட்டையே கிழித்துவிடும். கோணம் 20 டிகிரி. 45 மில்லிமீட்டர் அகலக் கத்தி என்றால் முதுகு பெல்ட்டிலிருந்து 15 மில்லிமீட்டர் விலகி நிற்கும். பிடிப்பக்கம் தொடங்கி ஒரே வேகத்தில் இழுங்கள். நுனி பெல்ட்டின் நடுவுக்கு வந்ததுமே கத்தியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நுனி உருண்டுபோகும். மை வாயோரம் வரை அழிந்திருந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்திருந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள்.

ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு தண்ணீரில் முக்குங்கள். வெறும் விரலால் கத்தியைத் தொட்டுக்கொண்டே தீட்டுவது என் வழக்கம். விரல் பொறுக்காத சூடு வந்தால் உடனே நிறுத்துவேன்.

அடுத்த பெல்ட்டுக்கு எப்போது மாறுவது? கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்கு வெளியே போகும்படி மெல்லத் தடவுங்கள். தீட்டிய பக்கத்துக்கு மறுபக்கம், நகத்தில் மாட்டும் அளவுக்குப் பிசிர் (வாயோரம் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு விளிம்பு) தட்டுப்படும். அது நீளம் முழுக்க வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் முடிந்ததும் பி400. புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பிசிர் வராத இடம் தீட்டப்படாத இடம். தோல் பெல்ட்டில் எவ்வளவு தேய்த்தாலும் அங்கே கூர் ஏறாது.

தோல் பெல்ட்டில் பச்சை நிற குரோமியம் ஆக்சைடு கட்டியைக் கொஞ்சமாகப் பூசி, பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு. பிசிர் உதிர்ந்துவிடும். அப்புறம் இரும்புத்தூள் போகக் கழுவித் துடைத்துப் பயன்படுத்துங்கள்.

மணல் பெல்ட்டில் தூள் அடைத்துக்கொண்டால், ஓடும்போதே பழைய செருப்பின் கிரேப் ரப்பர் அடிப்பாகத்தை அழுத்துங்கள், தூள் அதில் ஒட்டி வந்துவிடும். அப்படியும் பொறி குறைந்து கத்தி சீக்கிரம் சுட்டால் பெல்ட்டைத் தூக்கிப் போடுங்கள்.