பழைய கடைக் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கடைக் கட்டடத்தை வாங்கிப் புதுப்பிக்க இறங்கும் புதியவர்கள் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். வயரிங், கரையானை யாரும் சொல்லாமலே கவனித்துவிடுவார்கள். சொன்னாலும் கேட்காதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசுவது

போர்ட்லாந்து சிமென்டுக்கு இங்கிலாந்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-இல். அது சிறுநகரக் கொத்தனார் கைக்கு வந்துசேர இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதனால் பழைய செங்கல் கட்டடங்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் கட்டியவைதான். அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காரை வழியே ஆவியாக விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. ஈரம் மேலே ஏறுகிறது, கூடவே உப்பும். பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகும்போது செங்கலே உதிர்கிறது.

அண்மையில் ஒரு கட்டடத்தில் இடுப்பு உயரத்தில் பூச்சைத் தட்டினேன். டொக்கென்று வெற்றுச் சத்தம். உளி வைத்ததும் பலகைபோலப் பெயர்ந்து வந்தது. பின்னால் செங்கல் தூளாகக் கொட்டியது, விரலை வைத்தால் உள்ளே போனது. "ஓதம் அடித்தது, அதனால்தான் பூசினோம்" என்றார் உரிமையாளர். எனக்கு ஆத்திரம் வருவதே இந்த இடத்தில்தான். ஓதம் வந்தது உடைந்த மழைநீர்க் குழாயாலும், சுவரை ஒட்டி மேடாகிப்போன பின்வாசல் தரையாலும். அவற்றைச் சரிசெய்து சுவரை உலரவிட்டிருக்க வேண்டும். உலர மாதக்கணக்காகும். திறப்புவிழாத் தேதியை முன்னாலேயே குறித்துவிட்டு யார் காத்திருக்கிறார்கள்?

பூசுவதென்றால் சுண்ணாம்பையே பூசுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் அது இறுகும். மெல்லிய பூச்சாகப் பூசி, சட்டென்று காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கு கட்டிக் காக்க வேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

செங்கலைச் சுத்தம் செய்ய மணல் பீய்ச்சுவது

வேண்டாம். சூளையில் இறுகிய மேல்தோல் போனால் போனதுதான்.

வார்ப்பிரும்புத் தூணில் வெல்டிங் வைப்பது

அந்தத் தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வெல்டிங் சூட்டில் விரிசல் விடும். பொறியாளர் பார்க்காமல் தொடாதீர்கள்.

இல்லாத பழமையை ஒட்டுவது

ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு வேலை நின்றுவிட வேண்டும் என்கிறது பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964-இன் வெனிஸ் சாசனம். கடைக்கு மேலே அலங்கார வளைவு இருந்ததா என்பதைப் பழைய படமும் பத்திரமும் சொல்லட்டும். சுவரும் சொல்லும்: பெயிண்டைச் சுரண்டும்போது அடியில் பழைய கடைப் பெயர் தலைகாட்டலாம், அடைத்த ஜன்னலின் விளிம்பு தெரியலாம். கண்ணில் பட்டதும் வேலையை நிறுத்தி, அளவுகோலை வைத்துப் படம் எடுத்துவிட்டு, அப்புறம் தொடருங்கள்.