ஷேக்ஸ்பியர் கால ஆங்கிலம்: ஆஃப், பை, வித் மூன்றையும் பிரித்துப் படிப்பது எப்படி?

ஷேக்ஸ்பியரின் 'த வின்டர்ஸ் டேல்' நாடகத்தின் கடைசி அங்கத்தில் ஒருவன் செத்த கதையைச் சொல்கிறார்கள்: 'ஹீ வாஸ் டோர்ன் டு பீசஸ் வித் எ பேர்'. இன்றைய ஆங்கிலம் பழகியவர் படித்தால், யாரோ ஒரு கரடியைக் கையில் பிடித்துக்கொண்டு அதை வைத்து அவனைக் கிழித்த மாதிரி இருக்கும். கிழித்ததே கரடிதான். இப்போது எழுதினால் 'பை எ பேர்' என்போம்.

1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலும் இதே தொல்லை உண்டு. ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான், ஆனாலும் வாக்கியம் பிடிபடாது. காரணம் பெரும்பாலும் ஒரு குட்டிப் பிரிபொசிஷன், அதாவது 'ஆஃப்', 'பை', 'வித்' மாதிரிப் பெயருக்கு முன்னால் வரும் சொல்.

படி 1. முதலில் பாஸிவ் வாய்ஸ் வினையை ('கிழிக்கப்பட்டான்' போன்ற செயப்பாட்டு வினையை) தேடுங்கள். அதற்குப் பின்னால் 'ஆஃப்' வந்தால் அந்த இடத்தில் 'பை' போட்டுப் படியுங்கள். பைபிளின் மத்தேயு புத்தகத்தில் 2:16-இல் (2-ஆம் அதிகாரம், 16-ஆம் வசனம்) ஏரோது ராஜா 'வாஸ் மாக்ட் ஆஃப் த வைஸ் மென்'. 'பை' போட்டதும் விஷயம் தெளிவாகிவிடும்: சாஸ்திரிகள் அவனை ஏமாற்றிவிட்டார்கள். 6:5-இல் வரும் 'சீன் ஆஃப் மென்' என்பதும் இதே வகை; மனுஷர் பார்க்கும்படி என்று பொருள்.

படி 2. ஒரே வாக்கியத்தில் 'ஆஃப்', 'பை' இரண்டும் வந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். மத்தேயு 1:22: 'ஸ்போக்கன் ஆஃப் த லார்ட் பை த ப்ராஃபெட்'. இங்கே சொன்னவர் கர்த்தர். சொல் வந்து சேர்ந்த வழி தீர்க்கதரிசி. தமிழ் பைபிள் 'தீர்க்கதரிசியின் மூலமாய்க் கர்த்தராலே' என்று இரண்டையும் அழகாகப் பிரித்துவிடுகிறது. ஆக, செயலுக்கு ஊற்று யார் என்பதை 'ஆஃப்' காட்டுகிறது. யார் வழியாக என்பதை 'பை' காட்டுகிறது.

படி 3. இந்த விதியை மனப்பாடம் செய்துகொண்டு ஓடிவிட வேண்டாம். இரண்டு அதிகாரம் தள்ளி, மத்தேயு 3:3-இல் 'ஸ்போக்கன் ஆஃப் பை த ப்ராஃபெட் ஏசயாஸ்' என்று வருகிறது. அதே வினை, அதே இரண்டு பிரிபொசிஷன்கள், பொருள் மட்டும் வேறு. 'ஆஃப்' முடிந்ததும் ஆள் பெயர் வரவில்லை, நேராக 'பை' வந்துவிட்டது, கவனியுங்கள். அப்படியானால் 'ஆஃப்' வினையோடு ஒட்டிக்கொண்டது: 'அவரைப் பற்றிப் பேசப்பட்டது'. பேசியவர் ஏசாயா. எனவே 'ஆஃப்' வந்தால் அதற்கு அடுத்த சொல்லையும் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், ஆறு படிகளில் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

படி 4. 'வித்' வந்தால் அடுத்து இருப்பது கருவியா, தானே செயல்படக்கூடிய உயிரா என்று கேளுங்கள். 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் சீசரின் உடலைக் காட்டி ஆன்டனி சொல்வது 'மார்ட், ஆஸ் யூ சீ, வித் ட்ரெய்டர்ஸ்'. துரோகிகள் கருவியல்ல, சிதைத்தவர்களே அவர்கள்தான். தமிழருக்கு இது ஒன்றும் புதிதில்லை. 'கத்தியால் வெட்டினான்', 'கரடியால் கிழிக்கப்பட்டான்' என்று கருவிக்கும் கருத்தாவுக்கும் ஒரே 'ஆல்' போடுகிறவர்கள் நாம். போதாததற்கு 'உடன்' என்ற பொருளையும் அதே மூன்றாம் வேற்றுமையில்தான் சேர்த்து வைத்திருக்கிறோம்.

படி 5. மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லையா? அகராதியைத் திறங்கள். 1 கொரிந்தியர் 4:4-இல் பவுல் 'ஐ நோ நத்திங் பை மைசெல்ஃப்' என்கிறார். 'நானாக எதையும் அறியேன்' என்று அடக்கமாகப் பேசுவது போலத் தோன்றும். உண்மையில் அந்த 'பை'க்கு 'எதிராக' என்று அர்த்தம்: என்மேல் ஒரு குற்றத்தையும் நான் அறியேன். ஊகித்துக் கண்டுபிடிக்கிற விஷயமல்ல இது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு மேற்கோள் இருக்கும். நீங்கள் படிக்கும் நூலின் காலத்துக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுலபம். 'ட்ரீம்ஸ் ஆர் மேட் ஆன்' (கனவுகள் எதனால் ஆனவையோ) என்று வந்தால் அந்த 'ஆன்' இன்றைய 'ஆஃப்'. கர்த்தருடைய ஜெபத்தில் 'இன் எர்த்' என்பது இன்றைய 'ஆன் எர்த்'.

படி 6. அந்தப் பாணியில் நீங்களே எழுதப் போகிறீர்களா? நாடகத்துக்கு வசனம், பழைய கடிதம் போல ஒன்று, அப்படி ஏதாவது? எல்லா 'பை'யையும் 'ஆஃப்' ஆக்கிவிடாதீர்கள். கிங் ஜேம்ஸ் பைபிளே மத்தேயு 2:17-இல் 'ஸ்போக்கன் பை ஜெரமி த ப்ராஃபெட்' என்றுதான் எழுதுகிறது. அங்கங்கே ஒரு 'ஆஃப்' வந்தாலே பழைய வாடை வந்துவிடும். பக்கம் முழுக்க வந்தால் நடிப்பு என்று தெரிந்துவிடும்.

சரி, பயிற்சிக்கு மத்தேயு 4:1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'லெட் அப் ஆஃப் த ஸ்பிரிட்' என்று ஒன்று, 'டெம்ப்டட் ஆஃப் த டெவில்' என்று இன்னொன்று. இரண்டிலும் 'பை' போட்டுப் பாருங்கள். இரண்டுமே பொருந்தும்: அழைத்துப் போனது ஆவியானவர், சோதித்தது பிசாசு. அப்புறம் லூக்கா 14:8-இல் 'பிடன் ஆஃப் எனி மேன் டு எ வெடிங்'. கல்யாணத்துக்கு யார் யாரை அழைத்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.